ஆண்மக்களின் முதுமையும் ஒரு சுரப்புநீரும்

உழவுக்கும் வண்டிக்கும் பழக்க வேண்டிய காளையைக் காயடிப்பது வேளாண் மக்கள் தொன்றுதொட்டு அறிந்த செய்தி. விரைகளின் தொழில் நின்ற பின்னர்க் காளையின் சீற்றம் தணிகின்றது. கழுத்தும் திமிலும் முன்போல் பருப்பதில்லை. பசுவை நாடும் விருப்பம் அற்றுப்போகின்றது. நுகத்துக்கு அடங்கிய எருதாக அது மாறுகின்றது. ஓர் உறுப்பின் தொழிலை நிறுத்தினால் உடல் முழுவதும், குணமுங்கூட மாறுவானேன்? பயனை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். காரணம் விளங்குவதற்கு 19-ஆம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அக்காரணத்தை அறிவது இன்று நமக்கு இன்றியமையாததாகின்றது. ஐம்பது வயதைக் கடந்த ஆண்மக்களை நோக்கி, இழந்த இளமையை மீட்டுத் தருவதாகக் கூறும் விளம்பரங்கள் சுவர்களிலும் செய்தித்தாள்களிலும் கைப்பேசிகளிலும் மலிந்துள்ளன. நெசவுக் கூலியிலும் விளைச்சல் வருவாயிலும் மிஞ்சுகின்ற சிறு தொகை இவ்வழியிற் கரைவது ஒரு தீங்கு. தக்க காலத்தில் கண்டறிய வேண்டிய நோய்கள் இதனால் கவனிப்பின்றி முற்றிவிடுவது அதனினும் பெருந்தீங்கு. ஆதலால் இப்பொருள் பற்றிய உண்மைகளை அங்கத்தினர்கள் கூச்சமின்றி அறிந்துகொள்ளுதல் நலம்.

காரணம் கண்ட வரலாறு

1849-ஆம் ஆண்டில் ஜெர்மனியிலுள்ள கோட்டிங்கன் நகரில் ஆர்னால்டு பெர்த்தோல்டு என்னும் பேராசிரியர் ஆறு இளஞ்சேவல்களைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார். விரைகளை அறவே நீக்கிய சேவல்களுக்குக் கொண்டை வளரவில்லை. அவை மற்றச் சேவல்களைப் போலக் கூவவுமில்லை, போரிடவுமில்லை. வேறு சிலவற்றுக்கு விரையை எடுத்து வயிற்றினுள் வேறோரிடத்தில் வைத்தார். அவையோ கொண்டை சிவந்து, கூவித் திரிந்து, கோழிகளை நாடின. பின்னர் அவற்றை அறுத்துப் பார்த்தபொழுது, இடம் மாறிய விரையில் புதிய இரத்தக் குழாய்கள் படர்ந்திருந்தன. பழைய நரம்புத் தொடர்பு இல்லை. எனவே விரையிலிருந்து ஏதோ ஒன்று இரத்தத்திற் கலந்து உடலெங்கும் சென்று இம்மாறுதல்களைச் செய்கின்றது என்று அவர் முடிவு கண்டார்.

நாற்பது ஆண்டுகள் கழித்து, 1889-ஆம் ஆண்டில், பாரிஸ் நகரில் பிரௌன் செக்கார்டு என்னும் புகழ்பெற்ற உடலியல் அறிஞர் வியப்புக்குரிய செய்தி ஒன்றை வெளியிட்டார். அப்பொழுது அவருக்கு வயது 72. நாய், கினி எலி ஆகியவற்றின் விரைகளைப் பிழிந்தெடுத்த சாற்றைத் தமக்குத் தாமே ஊசி வழியாகச் செலுத்திக்கொண்டதாகவும், அதனால் உடல் வலிமையும் மூளையின் ஊக்கமும் திரும்பிவிட்டதாகவும் அவர் கூறினார். செய்தி பரவிய சில காலத்துக்குள் பல நாடுகளில் இத்தகைய சாறுகள் விற்பனைக்கு வந்தன. ஆனால் விரையில் சுரக்கும் பொருள் நீரில் எளிதிற் கரைவதன்று. சுரந்ததும் அங்கே சேர்ந்து தங்குவதுமன்று. ஆகவே அவர் தயாரித்த சாற்றில் பயன் தரத்தக்க அளவு அப்பொருள் இருந்திருக்க இயலாது என்பது பிற்காலத்து அறிஞர்களின் துணிபு. அவர் அடைந்த ஊக்கம் நம்பிக்கையால் விளைந்தது. நேர்மை மிக்க பேரறிஞர் ஒருவருக்கே நம்பிக்கை இவ்வளவு செய்யுமாயின், விலை கொடுத்து வாங்கிய லேகியம் பத்து நாள் தெம்பளிப்பதாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

உண்மையான பொருளைப் பிரித்தெடுத்தல் அரிய செயலாக இருந்தது. 1931-இல் ஜெர்மானிய வேதியியலறிஞர் அடால்ஃப் பூட்டனண்ட், ஏறத்தாழ 15,000 லிட்டர் சிறுநீரிலிருந்து 15 மில்லிகிராம் அளவே இவ்வினத்தைச் சேர்ந்த ஒரு பொருளைப் பிரித்தார். 1935-இல் ஆம்ஸ்டர்டாமில் எர்ன்ஸ்ட் லாக்கர் என்பாரும் அவர்தம் குழுவினரும் காளைகளின் விரைகளிலிருந்து தூய படிகமாக அதனை எடுத்து, டெஸ்டோஸ்டிரோன் என்று பெயரிட்டனர். அதே ஆண்டில் பூட்டனண்டும் சூரிச் நகரத்து லியோபோல்டு ருஸிக்காவும் தனித்தனியே கொலஸ்ட்ராலிலிருந்து அதனைச் செயற்கையாக உண்டாக்கும் முறையைக் கண்டனர். 1939-ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசு இவ்விருவருக்கும் உரியதாயிற்று.

மதகும் நீரும்

வளர்ந்த ஆண்மகனின் உடலில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 முதல் 7 மில்லிகிராம் வரை டெஸ்டோஸ்டிரோன் சுரக்கின்றது. பெண்களின் உடலிலும் மிகச் சிறிய அளவில் இது உண்டு. பருவ வயதில் குரல் தடிப்பதும், மீசை அரும்புவதும், தோள் விரிவதும் இதனால் நிகழ்வன. பின்னர் வாழ்நாள் முழுவதும் தசை, எலும்பு, இரத்தத்தின் சிவப்பணு, பாலுணர்வு, விந்தணு உற்பத்தி ஆகியவற்றைப் பேணுவதில் இதற்குப் பங்குண்டு.

இது சுரக்கும் அளவை மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி என்னும் சிறு சுரப்பி ஆளுகின்றது. ஏரிப்பாசனத்தில் மதகு காப்போன் செய்யும் வேலையை இதற்கு ஒப்பிடலாம். வயலில் நீர் குறைந்தால் மதகைத் திறக்கிறான், நிறைந்தால் அடைக்கிறான். அவ்வாறே இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் குறையும்பொழுது பிட்யூட்டரி தன் தூதுநீரை மிகுதியாக அனுப்பி விரைகளைத் தூண்டுகின்றது. மிகும்பொழுது தூண்டுதலைக் குறைக்கின்றது. வெளியிலிருந்து யாரோ வயலில் நீரைக் கொட்டினால் மதகு காப்போன் என் செய்வான்? வயல் நிறைந்திருப்பதைக் கண்டு மதகை அடைத்துவிடுவான். ஊசியாகவோ களிம்பாகவோ வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோனைச் செலுத்தும்பொழுது உடலின் சொந்தச் சுரப்பு அடங்கிவிடுவது இங்ஙனமே. இதனை வாசகர்கள் நினைவில் இருத்துதல் வேண்டும்; பின்னர் இதன் பயன் விளங்கும்.

வயதும் அளவும்

பெண்களுக்கு ஐம்பது வயதை ஒட்டி மாதவிடாய் நின்று, சூலகத்தின் சுரப்பு விரைவில் குறைந்துவிடுகின்றது. ஆண்களுக்கு இத்தகைய திடீர் மாறுதல் இல்லை. நடுவயதுக்குப் பின் டெஸ்டோஸ்டிரோன் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சதவீதம் என்னுமளவில் மெல்லக் குறைகின்றது. இரத்தத்தில் உள்ளதில் பெரும்பகுதி புரதங்களோடு பிணைந்திருக்கும். 100-இல் சுமார் 2 பங்கே தனித்து உலவுவது. வயது கூடுந்தோறும் பிணைக்கும் புரதம் ஒன்று மிகுவதால், தனித்து உலவும் பகுதி சற்று விரைவாகக் குறைகின்றது.

இக்குறைவு எத்தனை பேருக்கு நோயாக முடிகின்றது? ஐரோப்பாவில் எட்டு நகரங்களில் 40 முதல் 79 வயது வரையுள்ள 3,369 ஆண்களை ஆராய்ந்து 2010-இல் ஓர் அறிக்கை வெளியாயிற்று. இரத்தத்தில் அளவுக் குறைவும், அதனோடு இயைந்த பாலுணர்வுத் தளர்ச்சியின் மூன்று அறிகுறிகளும் ஒருங்கே இருந்தவர்கள் 100-க்கு 2 பேர் அளவே. நாற்பதுகளில் இருந்தோரிடையே 1,000-க்கு ஒருவர். எழுபதுகளில் இருந்தோரிடையே 100-க்கு ஐவர். இதனினும் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. வயதினும் மிகுதியாக, உடற்பருமனும் பிற நோய்களும் அளவுக் குறைவோடு தொடர்புற்றிருந்தன. முதுமையினால் மட்டும் நேர்வதென்று நாம் எண்ணிய குறைவில் ஒரு பகுதி, முதுமையில் நாம் சேர்த்துக்கொண்ட கொழுப்பாலும் நோயாலும் நேர்வதாகும்.

தளர்ச்சியின் வேர்

நெய்த துணியில் குறை காணும்பொழுது நல்ல நெசவாளர் உடனே நூலைப் பழிப்பதில்லை. அச்சையும் விழுதையும் நாடாவையும் பார்த்த பின்னரே காரணம் கூறுகிறார். உடல் தளர்ச்சிக்கும் அவ்வாறு காரணம் தேடுதல் முறை. சோர்வு, உறக்கமின்மை, எரிச்சல், வேலையில் நாட்டமின்மை, இல்லறத்தில் விருப்பமின்மை ஆகியவை டெஸ்டோஸ்டிரோன் குறைவால் நேரலாம். நீரிழிவு, இரத்தசோகை, தைராய்டு சுரப்பியின் குறைவு, மனச்சோர்வு, மிகு குடி, சிலவகை மருந்துகள் ஆகியவற்றாலும் இவை நேரும். உறக்கத்தில் உரத்த குறட்டையும் இடையிடையே மூச்சு நின்று நின்று வருதலும் உடையவர்கள் விடிந்த பின்னும் களைப்போடு எழுவர். அது தனியொரு நோய். அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு.

ஆண்மைத் தளர்ச்சி பற்றிப் பலர் வைத்தியரிடம் வாய் திறப்பதில்லை. இந்நாணம் உயிருக்கே ஊறு விளைக்கக் கூடியது. இனவுறுப்புக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் இதயத்தின் குழாய்களைவிடச் சிறியவை. ஆதலின் குழாய்கள் தடித்து அடைபடும் நோய் முதலில் இங்கே வெளிப்பட்டு, சில ஆண்டுகள் சென்றபின் மாரடைப்பாக வெளிப்படுதல் உண்டு. இவ்வறிகுறியைக் கண்டவர் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைச் சோதித்துக்கொள்வாராயின், வரவிருக்கும் பேரிடரை முன்னரே தடுத்துக்கொள்ளலாம். இரகசியமாகச் சூரணம் வாங்கி உண்பவர் அவ்வாய்ப்பை இழக்கிறார்.

அச்சூரணங்களிலும் ஆபத்து உண்டு. மூலிகை மட்டுமே என்று விற்கப்பட்ட இத்தகைய சரக்குகள் பலவற்றைச் சோதித்தபொழுது, சில்டெனாஃபில் போன்ற ஆங்கில மருந்துகள் சொல்லாமற் கலக்கப்பட்டிருந்தமை வெளியாகியுள்ளது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் வகை மாத்திரை உண்பவர் அதனை அறியாது உட்கொண்டால் இரத்த அழுத்தம் திடீரென வீழ்ந்து உயிருக்கு இறுதி நேரலாம். பாலின்ப ஆற்றலை வளர்ப்பதாக மருந்துகளுக்கு விளம்பரம் செய்வதை நம் நாட்டில் 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மந்திர சிகிச்சைகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் தடை செய்கின்றது. சட்டம் தடுத்ததொன்றைத் துணிந்து அச்சிடுவோரின் சொல்லை நம்புதல் தகுமோ என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

சோதிக்கும் முறை

உண்மையிலேயே குறைவு இருக்குமென்று வைத்தியர் ஐயுற்றால் இரத்தத்தைச் சோதிப்பார். டெஸ்டோஸ்டிரோன் காலையில் மிகுந்தும் மாலையில் குறைந்தும் இருக்கும் இயல்பினது. உணவு உண்டபின்னும் குறையும். ஆகையால் காலை பத்து மணிக்கு முன், வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்தல் வேண்டும். காய்ச்சல் முதலிய நோய் உற்றிருக்கும்பொழுது எடுத்தல் ஆகாது. ஒரு நாட் கணக்கை நம்பாது, வேறொரு நாளும் சோதித்துக் குறைவை உறுதி செய்தல் வேண்டும். பருமனில்லாத நலமுடைய 19 முதல் 39 வயது வரையுள்ள ஆண்களிடம் 100 மில்லிலிட்டருக்கு 264 முதல் 916 நானோகிராம் வரை இருப்பதாக அமெரிக்க, ஐரோப்பிய ஆய்வுகளிலிருந்து 2017-இல் கணித்துள்ளனர். ஒரு கிராமை நூறு கோடிக் கூறு செய்தால் ஒரு கூறு ஒரு நானோகிராமாகும். இயல்பளவின் எல்லை இவ்வளவு விரிந்திருப்பதால், ஒருவருக்கு 350-உம் மற்றொருவருக்கு 700-உம் இருப்பது கொண்டு முன்னவர் நோயாளி என்று கூறிவிட முடியாது. அறிகுறியும் அளவும் ஒத்து வந்தாலன்றி மருந்து கொடுத்தல் முறையன்று.

மருந்தாகக் கொடுத்தால்

விரைகளோ பிட்யூட்டரியோ நோயுற்றுச் சுரப்பு நின்றுபோனவர்க்கு டெஸ்டோஸ்டிரோன் அருமருந்து. அவர்கள் அதனைப் பெறத் தயங்குதல் கூடாது. முதுமையினால் சற்றே குறைந்தவர்க்கு அது என்ன செய்கின்றது என்பதே கேள்வி. அமெரிக்காவில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன, அளவு குறைந்த 790 ஆண்களைக் கொண்டு ஓராண்டுக் காலம் சோதனை நடந்தது. ஒரு சாராருக்கு மருந்துக் களிம்பும், மற்றவர்க்கு மருந்தில்லாக் களிம்பும் கொடுத்தனர். 2016-இலும் 2017-இலும் முடிவுகள் வெளியாயின. பாலுணர்வு ஓரளவு மேம்பட்டது. எலும்பின் உறுதி கூடியது. இரத்தசோகை உடையவர்க்கு அது குறைந்தது. ஆனால் சோர்வு நீங்கி ஊக்கம் பெறுவதில் இரு சாராரிடையே குறிப்பிடத்தக்க வேற்றுமை இல்லை. நினைவாற்றலும் வளரவில்லை. மருந்து பெற்றோரின் இதயக் குழாய்களில் படிவு மிகுதியாகச் சேர்ந்திருக்கவும் கண்டனர்.

இதயத்துக்கு ஊறு உண்டோ என்பதை அறிய, 45 முதல் 80 வயது வரையுள்ள, இதய நோயோ அதற்கான ஏதுக்களோ உடைய 5,200-க்கு மேற்பட்ட ஆண்களிடம் மற்றொரு பெருஞ்சோதனை நடத்தி 2023-இல் முடிவை வெளியிட்டனர். மாரடைப்பும் பக்கவாதமும் மருந்தால் மிகவில்லை என்று தெரிந்தது. ஆயினும் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறுதல், நுரையீரற் குழாயில் இரத்தம் உறைந்து அடைத்தல், சிறுநீரகக் கேடு ஆகியவை மருந்து பெற்றோரிடம் சற்று மிகுந்து காணப்பட்டன. எலும்பு உறுதி கூடுவதால் முறிவு குறையும் என்று எதிர்பார்த்ததற்கு மாறாக, முறிவுகளும் அவர்களிடமே மிகுந்திருந்தமை 2024-இல் வெளியாயிற்று. இவையன்றி, இரத்தம் தடித்துவிடுதலும் உண்டு. ஆதலால் இடையிடையே இரத்தத்தையும் புராஸ்டேட் சுரப்பியையும் சோதித்து வருதல் வேண்டும். புராஸ்டேட் புற்றுநோய் உடையவர்க்கு இம்மருந்து பொதுவாகக் கொடுக்கப்படுவதில்லை.

நம் இல்லத்து இளைஞர்க்கும் இங்கே ஒரு சொல். தசை பருக்கும் என்று கேட்டு, உடற்பயிற்சிக் கூடங்களில் இவ்வினத்து ஊசிகளைப் போட்டுக்கொள்வோர் உளர். மதகு அடைபடும் செய்தியை அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். சுரப்பு அடங்கும்பொழுது விந்தணு உற்பத்தியும் அடங்குகின்றது. உலக சுகாதார நிறுவனம் வாரந்தோறும் போடும் டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்குரிய கருத்தடையாகவே சோதித்து 1990-இல் முடிவை வெளியிட்டது; சோதனைக்குட்பட்டோரில் பாதிக்கு மேற்பட்டவர்க்கு விந்தணு முற்றிலும் அற்றுப்போயிற்று. ஊசியை நிறுத்தியபின் மீள்வதற்கும் மாதங்கள் பல செல்லும். மணமாகி மகப்பேறு நாடும் இளைஞன் வலிமைக்கென்று இதனை வாங்குதல், விதைநெல்லை விற்று உரம் வாங்குவதை ஒக்கும்.

செலவு குறைந்த வழிகள்

முதலாவது உறக்கம். சிக்காகோ பல்கலைக்கழகத்தார் நலமுள்ள இளைஞர் பத்துப் பேரை ஒரு வாரம் இரவில் ஐந்து மணி நேரமே உறங்கச் செய்தனர். அவர்களுடைய பகல்நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் வரை குறைந்தது என்று 2011-இல் வெளியிட்டனர். ஆண்டுக்கு 1 சதவீதம் என்னும் முதுமைக் கணக்கோடு இதனை ஒப்பிடுக. தீபாவளிச் சரக்கை முடிக்க வேண்டி இரவெல்லாம் தறியில் இருப்போரும், நள்ளிரவில் மின்சாரம் வரும் நேரம் பார்த்து நீரிறைக்கச் செல்வோரும் இழந்த உறக்கத்தை அடுத்துவரும் நாட்களில் ஈடு செய்ய வழி வகுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது உடல் எடை. வயிற்றுக் கொழுப்பு டெஸ்டோஸ்டிரோனைப் பெண்மைச் சுரப்புநீராக மாற்றும் தன்மையது. மூளையின் தூண்டுதலையும் மழுங்கச் செய்கின்றது. நம் நாட்டு ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரைக் கடந்தால் நீரிழிவுக்கும் இதய நோய்க்கும் இடமுண்டு என்று கொள்வர். பருமனுடையவர் எடையைக் குறைக்குந்தோறும் டெஸ்டோஸ்டிரோன் தானே ஏறுகின்றது. அளவுநாடா ஒன்றே இதற்கு வேண்டிய கருவி.

மூன்றாவது தசைக்கு வேலை. 1990-ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரில் முதியோர் இல்லம் ஒன்றில் இருந்த, சராசரி 90 வயதுடைய ஆண்களும் பெண்களுமாகிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடை தூக்கும் பயிற்சி அளித்தனர். பயிற்சியை முடித்தவர்களின் தொடை வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடிற்று. ஹார்மோன் மருந்து எதுவுமின்றித் தொண்ணூறு வயதுத் தசை வலுப்பெறுமாயின், அறுபது வயதில் எல்லாம் முடிந்ததென்று சோர்வதற்கு இடமேது? நாள் முழுவதும் தறியில் அமர்ந்திருப்பவர் மணிக்கொரு முறை எழுந்து, கைகளை ஊன்றாது பத்துமுறை உட்கார்ந்தெழுதல் நன்று. வயலில் பாடுபடுவோர் உடலுழைப்பை மகனிடம் முற்றிலும் விட்டுவிடாமல் தம்மால் இயன்றதைத் தொடர்ந்து செய்து வருதல் வேண்டும். தசைக்கு வேண்டிய புரதத்தைப் பயறு, கடலை, உளுந்து, மோர், முட்டை, மீன் இவற்றால் பெறலாம். சோறு மட்டும் நிறைய உண்பது போதாது.

நான்காவது, மதுவையும் புகையையும் விலக்குதல். மிகு குடி விரைகளையே நேராகக் கெடுக்கின்றது. புகையிலை இரத்தக் குழாய்களைக் கெடுக்கின்றது.

முடிவாக ஒன்று கூறுவோம். முதுமையில் டெஸ்டோஸ்டிரோன் குறைவது இயற்கை. மிகுதியாகக் குறைந்தால், அது பெரும்பாலும் வேறொரு நோய் ஏற்றிய அடையாள விளக்கு. விளக்கை மறைத்துவிட்டால் நோய் அகலாது. சோர்வுற்ற அங்கத்தினர் சூரண வியாபாரியை நாடுமுன், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துக்கொள்வாராக. தனியே செல்ல நாணுபவர் தக்க நண்பர் ஒருவரைத் துணைகொள்ளலாம். ஒருவருக்கொருவர் துணை நிற்பதற்கென்றே கூட்டுறவு தோன்றியது. அத்துணை கடனுக்கும் நூலுக்கும் மட்டும் உரியதன்று, உடல்நலத்துக்கும் உரியது.